சத்தம் போடாத புண்

மோர்ப்பண்ணையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். நீளமான கடிதம், சுருக்கித் தருகிறேன்:

"மூன்று மாதத்துக்கு முன்னால் வலை இழுக்கும்போது கெளுத்தி முள் என் வலது பாதத்தில் ஏறிவிட்டது. மறுநாளே கால் வீங்கி, காய்ச்சல் அடித்து, தொடை இடுக்கில் நெறி கட்டியது. ஆஸ்பத்திரியில் கீறிச் சீழை எடுத்து மாத்திரை கொடுத்தார்கள். பத்து நாளில் கடலுக்குப் போய்விட்டேன். அதே வாரம் அம்மாவுக்கு, வலையிலிருந்து நண்டு கழற்றும்போது நடுவிரலில் கொடுக்கு கிழித்தது. அது இரண்டே நாளில் மூடிக்கொண்டது. மூன்று வாரம் கழித்து அதே இடத்தில் சின்னதாக ஒரு கட்டி. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. இப்போது அது உடைந்து புண்ணாகி, ஆறவே இல்லை. புறங்கையில் ஒன்று, முழங்கைக்குக் கீழே ஒன்று என்று வரிசையாக இன்னும் இரண்டு கட்டிகள். மெடிக்கலில் கொடுத்த ஆயின்ட்மென்ட் போட்டால் அமுங்குகிறது, விட்டால் பழையபடி வருகிறது. அம்மாவுக்கு 54 வயது, எட்டு வருடமாகச் சர்க்கரை. எதிர்ப்புச் சக்தி இல்லாததுதான் காரணம் என்று சொல்லி ஒருவர் ஒரு பொடியைச் சிபாரிசு செய்கிறார், மாதம் 1,800 ரூபாய். வாங்கலாமா? ஒரே கடல், ஒரே வீட்டுச் சாப்பாடு. எனக்கு ஆறியது அம்மாவுக்கு ஏன் ஆறவில்லை? கையில் ஊசி போட்டுப் பார்த்த டெஸ்டை வைத்துக் காசநோய் என்று வேறு சொல்கிறார்கள். அந்தப் பயத்தில் அம்மா பேத்தியைத் தூக்குவதையே விட்டுவிட்டார்."

தம்பி, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். பொடி வேண்டாம். அந்த ஆயின்ட்மென்டை இன்றோடு நிறுத்துங்கள். இந்த வாரத்துக்குள் அம்மாவை ஒரு தோல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். கடிதத்தைப் படித்து நோயை முடிவு செய்ய என்னால் முடியாது, யாராலும் முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால், இது எந்தக் கிருமியாக இருக்கலாம் என்று எனக்கு வலுவான சந்தேகம் இருக்கிறது. ஏன் அப்படி நினைக்கிறேன் என்பதை நிதானமாகச் சொல்கிறேன். நீங்கள் கேட்டிருக்கும் கேள்வி அவ்வளவு நல்ல கேள்வி.

உங்கள் காலில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். முள் ஏறிய மறுநாள் வீக்கம், சிவப்பு, சூடு, வலி, காய்ச்சல். இதையெல்லாம் கிருமி செய்ததாகத்தான் நினைத்திருப்பீர்கள். பெரும்பகுதி உங்கள் உடம்பே செய்தது. முள் குத்திய இடத்தில் ரத்தக்குழாய்கள் விரிந்து, அவற்றின் சுவர் கொஞ்சம் கசிய ஆரம்பிக்கும். அந்தக் கசிவுதான் வீக்கம். கூடுதலாக ஓடிவரும் ரத்தம்தான் சிவப்பும் சூடும். அந்த வழியாக நியூட்ரோபில் என்ற வெள்ளை அணுக்கள் வெளியே வந்து கிருமியை விழுங்கும், விழுங்கியபின் பெரும்பாலும் தாங்களும் சாகும். ஆஸ்பத்திரியில் கீறி எடுத்த அந்த மஞ்சள் சீழ் இருக்கிறதே, அதில் முக்கால்வாசி செத்த நியூட்ரோபில்கள்தான். நம் எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோபில்களை உண்டாக்குகிறது. உங்கள் தொடை இடுக்கில் நெறி கட்டியதும் நல்லதற்குத்தான். காலிலிருந்து வரும் நிணநீர் அங்கே வடிகட்டப்பட்டு, வந்திருப்பது எந்தக் கிருமி என்று அடையாளம் காணும் வேலை நடந்தது.

இந்த விஷயத்தை முதன்முதலில் கண்ணால் பார்த்த கதையை உங்களுக்குச் சொல்ல வேண்டும். அது நடந்ததும் ஒரு கடற்கரையில்தான், அதிலும் ஒரு முள் உண்டு. 1882-ல் இத்தாலியின் சிசிலித் தீவில் மெசினா என்ற ஊரில் எலி மெச்னிகாஃப் என்ற ரஷ்ய உயிரியலாளர் தங்கியிருந்தார். நட்சத்திர மீனின் குஞ்சுப் பருவம் கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ளே நடப்பதெல்லாம் மைக்ராஸ்கோப்பில் தெரியும். அதன் உடம்பில் சின்ன முள்ளைக் குத்திவிட்டு, மறுநாள் காலையில் பார்த்தார். முள்ளைச் சுற்றிச் செல்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. எங்கிருந்தோ நகர்ந்து வந்து, உடம்புக்குச் சொந்தமில்லாத பொருளை வளைத்துப் பிடித்திருந்தன. அந்தப் பார்வைக்காக 1908-ல் நோபல் பரிசு பெற்றார். உங்கள் வலை மடியில் நண்டோடு ஏறிவரும் நட்சத்திர மீனைக் கடலில் திருப்பி எறிவீர்களே, அதன் குஞ்சுதான் நமக்கு நோய் எதிர்ப்பைச் சொல்லிக்கொடுத்தது.

சரி, கிருமி சும்மா இருக்குமா? முள்காயத்தில் இப்படிச் சட்டென்று சீழ் வைப்பது பெரும்பாலும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி. நம்மில் பல பேருடைய மூக்கிலேயே குடியிருப்பது, கடலிலிருந்து வர வேண்டிய அவசியம் இல்லை. அதனிடம் இருக்கும் தந்திரங்கள் ஒன்றிரண்டு அல்ல. நம் ரத்தத்தையே உறைய வைத்துத் தன்னைச் சுற்றி வேலி கட்டிக்கொள்ளும். வெள்ளை அணுவின் தோலில் ஓட்டை போடும் நஞ்சைச் சுரக்கும். ஆன்டிபாடி என்பது தலைப்பக்கம் கிருமியைப் பிடித்து, வால்பக்கத்தை வெள்ளை அணுவிடம் கொடுக்கும் ஒரு கொக்கி. இந்தக் கிருமி அதை வால்பக்கமாகப் பிடித்துத் தலைகீழாக மாட்டிவைத்துவிடும், பிறகு வெள்ளை அணு பிடிக்க இடம் இருக்காது. இத்தனையும் செய்தாலும் அது வெளிப்படையாக நின்று சண்டை போடும் கிருமி. அரைமணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும், உடம்பும் உடனே தெரிந்துகொண்டு திருப்பி அடிக்கும். மூன்று நான்கு நாளில் வெற்றி யார் பக்கம் என்று தெரிந்துவிடும். உங்கள் விஷயத்தில் சீழ் வெளியேறியது, மாத்திரை கை கொடுத்தது, வெள்ளை அணுக்கள் மிச்சத்தை முடித்தன.

அம்மாவுடைய விரலில் நடப்பது வேறு மாதிரி. மூன்று வாரம் ஒன்றுமே இல்லை. பிறகு வலியில்லாத கட்டி. காய்ச்சல் கிடையாது. கட்டி கையின் மேல்நோக்கி, கயிற்றில் முடிச்சுப் போட்டது மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகப் போகிறது. நண்டு, மீன், இறால் என்று ஈரத்திலேயே கை இருக்கும் தொழில். இவ்வளவும் சேர்ந்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது மைக்கோபாக்டீரியம் மரைனம் என்ற கிருமி. பெயரிலேயே கடல் இருக்கிறது. 1926-ல் அமெரிக்காவின் பிலடெல்பியா மீன் காட்சியகத்தில் செத்த மீன்களிலிருந்து பிரித்தெடுத்து அடையாளம் கண்டார்கள். காசநோய்க் கிருமிக்கு மிக நெருங்கிய சொந்தம். உப்புநீர், நன்னீர் இரண்டிலும் உலகமெங்கும் இருக்கிறது. மீன்தொட்டி வைத்திருப்பவர்களுக்கும், மீன், நண்டு சுத்தம் செய்பவர்களுக்கும் கையில் வரும். அபூர்வம்தான், ஆனால் நம் கரையில் நினைக்கவே படாததால் இன்னும் அபூர்வமாகத் தெரிகிறது என்பது என் அபிப்பிராயம்.

இந்தக் கிருமி வெள்ளை அணுவிடமிருந்து தப்பி ஓடாது, அதற்குள்ளேயே போய் உட்காரும். மேக்ரோபேஜ் என்று ஒரு வகை வெள்ளை அணு இருக்கிறது, பெரிய விழுங்கி. அது கிருமியை விழுங்கியதும் ஒரு பைக்குள் அடைக்கும். அடுத்து அமிலமும் செரிமான நொதிகளும் நிரம்பிய இன்னொரு பை வந்து இதோடு ஒட்ட வேண்டும், ஒட்டினால் கிருமி கரையும். நண்டைப் பானையில் போட்டுக் கொதிநீர் ஊற்றுவது மாதிரி. மரைனமும் காசநோய்க் கிருமியும் அந்த இரண்டாவது பை வந்து ஒட்டாமல் தடுத்துவிடும். நண்டு பானைக்குள் போய்விட்டது, கொதிநீர் மட்டும் வந்து சேரவில்லை. உள்ளே பத்திரமாக, மெதுவாகப் பெருகும். காசநோய்க் கிருமி ஒரு முறை இரட்டிப்பாகச் சுமார் 20 மணி நேரம் ஆகும். மரைனம் அதைவிட வேகம், ஆனாலும் ஸ்டாஃபிலோகாக்கஸோடு ஒப்பிட்டால் ஆமை. இப்படி மெல்லப் பெருகுவதால்தான் மூன்று வாரம் அம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. சத்தம் இல்லாததால் புண் சாதாரணமானது என்று நினைத்துவிடுகிறோம், அங்கேதான் நாள் போய்விடுகிறது.

இன்னொரு விஷயம், இது எனக்கு எப்போதும் வியப்பாக இருப்பது. இந்தக் கிருமிக்கு 30 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடுதான் பிடிக்கும். நம் உடம்புக்குள் 37 டிகிரி, அங்கே அது சரியாக வளராது. ஆனால் விரல், புறங்கை, பாதம் இவையெல்லாம் உள்ளுடம்பைவிடக் குளிர்ச்சி. அதிலும் நாள் முழுக்க ஐஸும் ஈரமும் தொடுகிற கை. அதனால்தான் காசநோய் மாதிரி நுரையீரலுக்குள் போகாமல், பெரும்பாலும் கையோடும் காலோடும் நின்றுவிடுகிறது. அம்மாவுக்கு அது பெரிய ஆறுதல்.

உள்ளே நுழைந்த கிருமியை அழிக்க முடியாதபோது உடம்பு என்ன செய்யும்? சுற்றி வளைக்கும். மேக்ரோபேஜ்கள் ஒன்றோடொன்று நெருங்கி அடுக்கி, நடுவில் கிருமி இருக்கும் செல்களை வைத்து ஒரு முடிச்சுப் போடும். இதற்குக் கிரானுலோமா என்று பெயர். அம்மா கையில் தடவினால் தட்டுப்படும் கட்டி அதுவாக இருக்கலாம். அது கிருமிக்குக் கட்டிய சிறை என்றுதான் நான் மருத்துவம் படித்த காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அதைத் திருத்தியது வரிக்குதிரை மீன் என்ற விரலளவு மீனின் குஞ்சு. அதுவும் கண்ணாடி மாதிரி இருக்கும். மரைனம் அதற்கு இயல்பாகவே வரும் நோய். சிதம்பரத்தில் பிறந்து நோபல் பரிசு பெற்ற வெங்கி ராமகிருஷ்ணனைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவருடைய தங்கை லலிதா ராமகிருஷ்ணன், பரோடாவில் மருத்துவம் படித்தவர், இன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார். காசநோயைப் புரிந்துகொள்ள இந்த மீன் குஞ்சையும் மரைனத்தையும் எடுத்துக்கொண்டு பல வருடம் வேலை செய்தவர். 2009-ல் வெளியான ஆய்வில் அவர் குழு பார்த்தது இது: முடிச்சுக்குள் இருக்கும் ஒரு மேக்ரோபேஜ் செத்தால், அதைத் தின்ன வேறு மேக்ரோபேஜ்கள் வருகின்றன. தின்னும்போது உள்ளே இருந்த கிருமியையும் சேர்த்து விழுங்கிவிடுகின்றன. ஒன்று செத்தால் பல செல்களுக்குக் கிருமி பரவுகிறது. அவற்றில் சில அங்கிருந்து நகர்ந்து போய் வேறிடத்தில் புது முடிச்சு போடுகின்றன. சிறை என்று நினைத்த இடத்தை ஆரம்ப நாட்களில் கிருமி தன் வளர்ப்புக்கூடமாக ஆக்கிக்கொள்கிறது. மெச்னிகாஃப் நட்சத்திர மீன் குஞ்சில் பார்த்த அதே மொய்த்தல்தான், இங்கே கிருமிக்குச் சாதகமாகிவிட்டது.

இப்போது உங்கள் பொடிக்கு வருகிறேன். அதே மீன் குஞ்சில் அடுத்துக் கண்டுபிடித்தது உங்கள் கேள்விக்கு நேரான பதில். அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்று ஒரு புரதம் நம் உடம்பில் சுரக்கிறது. அது குறைந்தால் மேக்ரோபேஜுக்குள் கிருமி கட்டுப்பாடில்லாமல் பெருகிச் செல்லை வெடிக்க வைக்கிறது. சரி, அப்படியானால் அது கூடினால் நல்லதுதானே? இல்லை. கூடினாலும் அதே மேக்ரோபேஜ் தன் சூட்டிலேயே வெந்து செத்துப்போகிறது, உள்ளே இருந்த கிருமி வெளியே கொட்டி, தடுக்க ஆளில்லாமல் வளர்கிறது. குறைந்தாலும் கேடு, கூடினாலும் கேடு. எதிர்ப்புச் சக்தியை டீசல் டேங்க் மாதிரி நினைத்து, குறைந்திருக்கிறது, ஊற்றி நிரப்புவோம் என்று விற்கிறார்கள். உடம்பில் அப்படி ஒரு டேங்க் இல்லை. சரியான செல், சரியான இடத்துக்கு, சரியான நேரத்தில் வந்து, வேலை முடிந்ததும் அடங்க வேண்டும். அதற்குக் குறுக்கே நிற்பதை எடுத்துப்போட்டால் போதும். அம்மா விஷயத்தில் குறுக்கே நிற்பவை இரண்டு. இரண்டுமே உங்கள் கடிதத்தில் இருக்கின்றன.

ஒன்று சர்க்கரை. ரத்தத்தில் சர்க்கரை தொடர்ந்து கூடுதலாக இருந்தால் நியூட்ரோபில்கள் காயத்தை நோக்கி நகரும் வேகமும், கிருமியைக் கொல்லும் திறனும் குறையும். சிறிய ரத்தக்குழாய்கள் கெட்டுப்போவதால் அவை வந்து சேரும் பாதையும் அடைபடும். நரம்பு மரத்துப்போவதால் காயம் பட்டதே தெரியாது. சர்க்கரை உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு கூட இருப்பதற்கும் வெள்ளை அணுக்கள் இப்படித் தளர்வது ஒரு காரணம். எட்டு வருடமாகச் சர்க்கரை என்று எழுதினீர்கள், எவ்வளவு என்று எழுதவில்லை. காலையில் வெறும் வயிற்றில் எடுக்கும் ஒற்றை டெஸ்ட் போதாது. ஹெச்.பி.ஏ1சி பாருங்கள், அது கடந்த மூன்று மாதக் கணக்கைக் காட்டும். மாத்திரை வாங்க அலைய வேண்டியிருக்கிறது என்றால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள், உங்கள் ஊர் செவிலியரிடம் அம்மா பெயரைப் பதிந்துவிடுங்கள். அந்த 1,800 ரூபாயில் அம்மாவுக்குத் தினமும் முட்டையும் பயறும் வாங்கலாம். மீனுக்கு உங்கள் வீட்டில் பஞ்சம் இருக்காது.

இரண்டாவது அந்த ஆயின்ட்மென்ட். போட்டால் அமுங்குகிறது, விட்டால் வருகிறது என்ற வரியைப் படித்ததுமே எனக்கு மனம் கலங்கியது. ட்யூபின் பெயரை நீங்கள் எழுதவில்லை. அதன் அட்டையில் பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது ஸ்டீராய்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்து, ஆனால் கொடுக்கிறார்கள். ஸ்டீராய்டு கிருமியைத் தொடுவதே இல்லை. அது வெள்ளை அணுக்களை 'போதும், திரும்பிப் போங்கள்' என்று அனுப்பிவிடும். வீக்கம் வடியும், சிவப்பு குறையும், பார்ப்பதற்கு ஆறுவது மாதிரியே இருக்கும். அடியில் கிருமி தன் பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருக்கும். எதிர்ப்புச் சக்தி குறைவு என்று சொல்லி ஒரு பக்கம் பொடி விற்கிறார்கள், இன்னொரு பக்கம் அதே சக்தியை அடக்கும் மருந்தைப் புண்ணில் தடவச் சொல்கிறார்கள். பெயர் தெரியாத சில பொடிகளிலேயே ஸ்டீராய்டு கலந்திருந்ததும் உண்டு. அப்படிப்பட்டதைச் சாப்பிட்டால் சர்க்கரை எகிறும்.

எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது நியாயம் ஆகாது. பல வருடத்துக்கு முன்னால் தொண்டிப் பக்கத்திலிருந்து இறால் பிரிக்கும் ஒரு அக்கா என்னிடம் வந்தார். கட்டைவிரலில் இதே மாதிரி புண். நான் சாதாரண ஆன்டிபயாடிக் கொடுத்தேன். ஆறவில்லை, மாற்றிக் கொடுத்தேன், அதற்கும் ஆறவில்லை. மூன்றாவது தடவை அவர் வந்தபோது விரலை மடக்க முடியவில்லை. தசைநாண் உறைக்குள் கிருமி போயிருந்தது. மதுரையில் ஒரு மூத்த தோல் மருத்துவரிடம் அனுப்பினேன். அவர் அந்த அக்காவிடம் கேட்ட முதல் கேள்வி, "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" மூன்று தடவையும் அந்தக் கேள்வியை நான் கேட்கவே இல்லை. கையில் இறால் வாடை இருந்தும் கேட்கவில்லை. விரல் முழுதாக மடங்க அவருக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அன்றிலிருந்து ஆறாத புண்ணோடு யார் வந்தாலும் தொழிலைக் கேட்காமல் நான் சீட்டெழுதுவதில்லை. உங்கள் அம்மாவுக்கு விரல் விறைப்பாக இருக்கிறதா, மடக்கினால் வலிக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். ஆம் என்றால் ஒரு நாளும் தள்ள வேண்டாம்.

மருத்துவரிடம் போனால் கட்டியின் ஓரத்திலிருந்து சிறு துண்டு எடுக்க வேண்டும் என்பார். பயப்படாதீர்கள், மரத்துப்போக ஊசி போட்டுத்தான் எடுப்பார்கள். அந்தத் துண்டு இரண்டாகப் போக வேண்டும். ஒரு பாதி ஃபார்மலினில், மைக்ராஸ்கோப்பில் பார்க்க. மறு பாதி ஃபார்மலின் படாமல் சலைனில், கிருமி வளர்த்துப் பார்க்க. ஃபார்மலினில் விழுந்தால் கிருமி செத்துப்போகும், அப்புறம் எதுவும் வளராது. முழுவதையும் ஒரே பாட்டிலில் போட்டு அனுப்பிவிட்டு, பத்து நாள் கழித்து மறுபடி வெட்டியதை நான் பார்த்திருக்கிறேன். அடுத்தது சூடு. ஆய்வகத்தில் காசநோய்க்கு வளர்ப்பதுபோல 37 டிகிரியில் மட்டும் வைத்தால் மரைனம் வளராமலே போகலாம், 'கிருமி இல்லை' என்று ரிப்போர்ட் வரும். 30 டிகிரியிலும் ஒன்று வைக்கச் சொல்ல வேண்டும். மருத்துவரிடம் மரியாதையாகவே கேளுங்கள்: "அம்மா நண்டு வேலை செய்கிறார், மரைனமாக இருக்குமோ, ஆய்வகச் சீட்டில் 30 டிகிரி என்று எழுத முடியுமா?" யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முடிவு வரச் சில வாரம் ஆகும். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே காட்டுங்கள், தேவைப்பட்டால் அவர்கள் மதுரைக்கு அனுப்புவார்கள். ஒரு வகைப் பூஞ்சையும், தோலில் வரும் காசநோயும்கூட இப்படி வரிசையாகக் கட்டி போடும். வெட்டிப் பார்த்தால்தான் எது என்று தெரியும்.

கையில் ஊசி போட்டுப் பார்த்தது மேன்டோ டெஸ்ட். காசநோய்க் கிருமியின் புரதத்தை உடம்பு முன்பே பார்த்திருக்கிறதா என்பதை மட்டுமே அது சொல்லும். நம் நாட்டில் எத்தனையோ பேருக்கு நோயே இல்லாமல் பாசிட்டிவ் வரும். மரைனம் நெருங்கிய சொந்தம் என்றேனே, அதனாலும் பாசிட்டிவ் வரும். சொந்தக்காரர் முகச்சாடையைப் பார்த்து உடம்பு ஆளை மாற்றிக்கொள்கிறது. இருமல், எடை குறைவு, சாயங்காலக் காய்ச்சல் இருந்தால் எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் செய்யுங்கள். இல்லை என்றால் அந்த ஒரு டெஸ்டை வைத்துக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

மரைனம் என்று உறுதியானால் மருந்து உண்டு, குணமாகும். பொதுவாக இரண்டு மருந்தைச் சேர்த்துப் பல மாதம் கொடுப்பார்கள், புண் ஆறிய பிறகும் ஒன்றிரண்டு மாதம் தொடரும். கிருமி செல்லுக்குள் ஒளிந்திருப்பதாலும் மெதுவாகப் பெருகுவதாலும்தான் இவ்வளவு நாள். தோல் மூடியதும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ரிஃபாம்பிசின் கொடுத்தால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், அது ரத்தம் இல்லை. முக்கியமாக, அம்மா என்னென்ன சர்க்கரை மாத்திரை எடுக்கிறார் என்று அட்டையோடு காட்டுங்கள். ரிஃபாம்பிசின் சில சர்க்கரை மாத்திரைகளின் வேலையைக் குறைத்துவிடும், கிளாரித்ரோமைசின் சிலவற்றோடு சேர்ந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். மருந்து மாறும் முதல் சில வாரம் சர்க்கரையை அடிக்கடி பார்க்க வேண்டும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், கடற்கரையில் இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. மரைனம் மெதுவானது. விப்ரியோ வல்னிஃபிகஸ் என்று கடலிலும் கழிமுகத்திலும் இருக்கும் இன்னொரு கிருமி அதற்கு நேர் எதிர். அபூர்வம், ஆனால் மணிக்கணக்கில் ஆளைக் கொண்டுபோகும். கிருமிகளுக்கு இரும்புச்சத்து வேண்டும். நம் உடம்பு இரும்பை அவற்றுக்குக் கிடைக்காமல் பூட்டி வைக்கும், அதுவும் எதிர்ப்பில் ஒரு பகுதி. குடியால் கல்லீரல் கெட்டவர்களுக்கு அந்தப் பூட்டு தளர்ந்து, ரத்தத்தில் இரும்பு தாராளமாகக் கிடைக்கும், இந்தக் கிருமி வெறிகொண்டு பெருகும். முள்ளோ கொடுக்கோ பட்டு, ஒரு நாளுக்குள் தோல் ஊதா நிறமாகி, ரத்தம் கோத்த கொப்புளம் வந்து, தாங்க முடியாத வலியும் நடுக்கமும் வந்தால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ராத்திரியே வண்டி எடுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள், கடலில் பட்ட காயம் என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். உங்கள் வல்லத்தில் வரும் யாருக்காவது கல்லீரல் கோளாறு இருந்தால் இதை அவரிடம் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள்.

இனிமேல் முள் குத்தினால் சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், புகையிலைச் சாறு எதுவும் வேண்டாம். நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டு அழுத்திக் கழுவுங்கள், உள்ளே முள் துண்டு இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். கெளுத்தி, திருக்கை முள்ளின் விஷவலிக்குப் பொறுக்கும் அளவு சுடுநீரில் அரைமணி நேரத்துக்கு மேல் காலை வைத்திருப்பது நல்ல வைத்தியம், அந்த விஷம் சூட்டில் கெட்டுவிடும். ஆனால் சர்க்கரை உள்ளவருக்குக் கால் மரத்திருக்கும், சூடு தெரியாமல் வெந்துபோகும். தண்ணீரின் சூட்டை வேறொருவர் கை வைத்துப் பார்க்க வேண்டும். டெட்டனஸ் தடுப்பூசி பத்து வருடத்துக்குள் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். ஒரு தடவை டெட்டனஸ் வந்து பிழைத்தவருக்குக்கூட அதனால் எதிர்ப்பு உண்டாவதில்லை. ஆளைக் கொல்லப் போதுமான நஞ்சின் அளவு அவ்வளவு சொற்பம், உடம்பு அதை அடையாளம் கண்டு நினைவில் வைப்பதற்குக்கூடப் போதாது. தடுப்பூசி ஒன்றுதான் வழி. அம்மாவுக்குக் கனமான ரப்பர் கையுறை வாங்கிக் கொடுங்கள். நண்டு கழற்றும்போது கையுறை வழுக்குகிறது என்பார், உள்ளங்கையில் சொரசொரப்பு வைத்தது கிடைக்கிறது. புண் ஆறும் வரை அந்தக் கையால் வலை தொட வேண்டாம்.

கடைசியாகப் பேத்தி விஷயம். மரைனம் ஒரு ஆளிடமிருந்து இன்னொரு ஆளுக்குத் தொற்றும் நோய் இல்லை. இருமலில் வராது, தட்டில் வராது, தொட்டால் வராது. தண்ணீரிலிருந்து, கிழிந்த தோல் வழியாகத்தான் நுழையும். அம்மாவுக்குக் காய்ச்சல் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இருமலும் இல்லை என்றால், புண்ணின் மேல் சுத்தமான துணி கட்டிக்கொண்டு, இன்று சாயங்காலமே அம்மா பேத்தியைத் தூக்கலாம்.